எர்த் வயர் இருந்தும் எர்த் இல்லாத பைப்: இரும்பு கண்டியூட்டை டிபியிலும் பாக்ஸிலும் பிணைக்கும் முறை

பெங்களூரின் பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறை. மூன்று லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், சுவர் முழுக்க சாம்பல் பெயின்ட் அடித்த, வயர் ஓடும் இரும்பு பைப், அதாவது கண்டியூட். அங்கே வேலை பார்க்கும் பையன் ஒரு நாள் காலையில் போன் பண்ணினான். "அண்ணா, லைட் சுவிட்ச் பக்கத்துல பைப்புல கை வெச்சா ஜிவ்வுங்குது." பின்னாலிருந்து முதலாளி "ஷாக் ஹொடியுத்தே" (ஷாக் அடிக்குது) என்று கன்னடத்தில் கத்தியது எனக்கும் கேட்டது.

போய்ப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் தென்படவில்லை. வெளியே இரண்டு எர்த் குழி. டிபிக்குள் (மின் விநியோகப் பெட்டி) எர்த் வயர்கள் எல்லாம் சேரும் எர்த் பாரில் பச்சை வயர்கள் வரிசையாக, ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாக. மீட்டரின் ஒரு முனையை எர்த் பாரிலும் இன்னொன்றைப் பைப்பைச் சுரண்டிய இடத்திலும் வைத்தேன். 228 வோல்ட். பையன் தடிமனான ரப்பர் செருப்பு போட்டிருந்தான், அதனால்தான் 'ஜிவ்' என்பதோடு போயிற்று.

மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பிரித்ததில் இரண்டு தப்பு தெரிந்தது. சுவிட்ச் பாக்ஸில் பைப் முனைக்கு புஷ் (விளிம்பை மூடும் மழுங்கிய வளையம்) போடவில்லை. வெட்டிய விளிம்பு பேஸ் வயரின் தோலைக் கீறியிருந்தது. இது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் அப்படி நடந்த அந்த நொடியே எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. காரணம் டிபியின் தலையில் இருந்தது. பைப் நுழையும் துளையில் செக் நட்டுக்கு (பைப்பைத் தகட்டோடு இறுக்கும் மெல்லிய நட்) அடியில் பவுடர் கோட்டிங் புத்தம் புதுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதாவது பைப் டிபியோடு சேர்ந்திருந்தது கண்ணுக்கு மட்டும்தான். உள்ளே ஓடிய பச்சை வயரும் பாக்ஸைத் தொடாமல் நேராக டியூப் லைட்டுக்குப் போய்விட்டது.

என் அப்பா கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) சுரங்கத்தில் வயர்மேன். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கரண்ட் போன ஊர் அது. பெங்களூருத் தெருவிளக்குக்கு 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பா சொல்வார்: "பைப்பும் ஒரு வயர்தான்டா, தோல் இல்லாத வயர்." இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன். வயருக்கு ஜாயின்ட் போடும்போது எடுக்கிற அக்கறையைப் பைப்பின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

'எர்த்துக்குப் போய்விட்டால் ஆபத்து இல்லை' என்ற நினைப்புதான் பாதிப் பேரைக் கெடுக்கிறது. கரண்ட் மண்ணுக்குள் போய்க் காணாமல் போவதில்லை. அது டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்தத் திரும்பும் பாதையின் ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருந்தால்தான் எம்சிபி பட்டென்று விழும் அளவுக்குக் கரண்ட் பாயும்.

16 ஆம்பியர் 'சி' கர்வ் (விழும் வேகத்தைக் குறிக்கும் வகை) எம்சிபி உடனடியாக விழுவதற்கு அதன் அளவைப்போல் 10 மடங்கு, 160 ஆம்பியர், பாய வேண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 230-ஐ 160-ஆல் வகுத்தால் 1.44 ஓம். டிரான்ஸ்பார்மரில் புறப்பட்டு பேஸ் வயர், ஃபால்ட் நடந்த (பேஸ் பைப்பைத் தொட்ட) இடம், பைப், எர்த் வயர் எனச் சுற்றி மறுபடி டிரான்ஸ்பார்மர் வரை, மொத்தமும் இந்த 1.44 ஓமுக்குள் அடங்க வேண்டும்.

இப்போது உங்கள் எர்த் குழியைப் பாருங்கள். 5 ஓம் வந்தால் நல்ல குழி என்று எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள். பாதை மண் வழியாக மட்டும் என்றால் 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி விழச் சில நொடியிலிருந்து ஒரு நிமிடம்வரை எடுக்கும். 32 ஆம்பியர் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை பைப் முழுக்க வோல்ட்டேஜ் நிற்கும். நம் ஊர்ச் செம்மண் பங்குனி சித்திரையில் காய்ந்து போனால் அந்த 5 ஓமும் நிலைக்காது.

அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் சுவிட்ச்) தேவை. ஆனால் அது இருக்கிறதே என்று பைப் பிணைப்பை விட்டுவிடவும் முடியாது. பைப் எதோடும் சேராமல் தொங்கினால் லீக்கேஜ் பாய வழி இல்லை, ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது. யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். ஷாக்கை வாங்கி ஆர்சிசிபியை விழவைப்பது அந்த ஆளின் உடம்பு. பைப் ஒழுங்காகப் பிணைந்திருந்தால், தோல் கிழிந்த நொடியிலேயே, யாரும் பக்கத்தில் இல்லாதபோதே, லைன் போய்விடும்.

எர்த்திங், பாண்டிங் என்ற இரண்டையும் சேர்த்துக் குழப்புவார்கள். குழியோடு சேர்ப்பது எர்த்திங். பைப், பாக்ஸ், டிபி உடம்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று உலோகத் தொடர்பில் வைப்பது பாண்டிங், பிணைப்பு. பட்டறையில் நான் கண்டது முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத கதை. முழு விவரம் வேண்டுமானால் இந்தியத் தர விதிகளான ஐஎஸ் 3043-ஐயும் ஐஎஸ் 732-ஐயும் புரட்டிப் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பெங்களூரில் இன்னொரு ஆபத்து யுபிஎஸ். மெயின் ஆஃப் ஆனதும் 'பீப்' என்று அது எடுத்துக்கொள்ளும். லைட் லைன் உயிரோடுதான் இருக்கும். ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்திலும் இதே கதை. இரண்டையும் தனித்தனியாக அணைத்துவிட்டு, மீட்டரால் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து, கூடவே பைப்புக்கும் எர்த் பாருக்கும் இடையிலும் அளந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்பாதீர்கள். செத்த வயரிலும் அது மினுக்கும், சில நேரம் உயிருள்ள வயரிலும் சும்மா இருக்கும்.

இந்த வேலையை பெர்மிட் உள்ள வயர்மேனும், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரும்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர்கள் இதைப் படிப்பது, செய்தவரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கும்போது மறக்கக் கூடாதவை: பைப் அளவுக்கேற்ற செக் நட் (ஒரு நுழைவுக்கு இரண்டு), பித்தளை புஷ், எர்த் கிளாம்ப், தகரப் பூச்சுள்ள செம்பு லக்கு (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் காது), ஸ்டார் வாஷர், பச்சை-மஞ்சள் வயர். 10 ரூபாய் மிச்சம் பிடிக்க பிளாஸ்டிக் புஷ் வாங்கினால் வயரின் தோல் தப்பிக்கும், பிணைப்புக்கு அது உதவாது.

பைப்பும் பைப்பும் சேரும் இடம்

கறுப்பு எனாமல் பைப் என்றால் மரையைப் பாருங்கள். எனாமல் மரைக்குள்ளும் இறங்கியிருக்கும். மரைமேல் டை (மரை வெட்டும் கருவி) ஓட்டி ஒரு சுற்றாவது சுத்தம் செய்யுங்கள். இரண்டு பைப்பைச் சேர்க்கும் கப்ளரில் பாதிப் பாதி வரும்படி, ஒவ்வொரு பக்கமும் ஐந்து மரையாவது பிடித்து, ரெஞ்சால் இறுக்க வேண்டும். கையால் சுற்றிவிட்டு மேலே பெயின்ட் அடித்து மறைத்த கப்ளர்களை இந்த நகரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெட்டிய முனையின் உள்விளிம்பை ரீமராலோ வட்ட அரத்தாலோ மழுக்குங்கள். பட்டறைப் பையனின் வயரைக் கீறியது அந்த விளிம்புதான்.

பழைய கட்டடங்களில் பைப்பின் வெளிப்பக்கம் 14 நம்பர் ஜிஐ கம்பி கிளிப்போடு ஓடும். அந்தக் காலத்து எர்த் அது. 20 மீட்டர் ஓட்டத்துக்கு அந்தக் கம்பி மட்டுமே ஏறக்குறைய 1 ஓம் காட்டும். மேலே போட்ட கணக்கில் 1.44-இல் பெரும்பங்கை அதுவே தின்றுவிடுகிறது. துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைக் கழற்ற வேண்டியதில்லை, இருக்கட்டும். பைப்புக்குள் புதிதாக ஒரு செம்பு எர்த் வயர் இழுத்துவிடுங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் இரும்பு பைப்பையே எர்த்தாக விட்டு வேலையை முடிப்பார்கள். அங்கே அதற்கென்று தரப்படுத்திய பைப்பும் ஃபிட்டிங்கும் உண்டு. நம் கடையில் வாங்கும் கப்ளரை நம்பி நான் அப்படிச் செய்ய மாட்டேன். பைப்பும் பிணைந்திருக்கட்டும், உள்ளே பச்சை வயரும் ஓடட்டும்.

அந்த வயரின் அளவு: பேஸ் வயர் 16 சதுர மி.மீ. வரை எர்த்தும் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை, எர்த் 16. அதற்கும் மேல் போனால் பேஸில் பாதி. ஒரே பைப்பில் பல லைன் போனால் அதில் பெரிய லைனைப் பார்த்து எடுங்கள். பைப்புக்கு வெளியே, அடிபடக்கூடிய இடத்தில் ஓடும் ஜம்பர் (பிணைப்புக்கான துண்டு வயர்) 4 சதுர மி.மீ. செம்புக்குக் குறையக் கூடாது. பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே பைப்பில் போக வேண்டும். பேஸை ஒரு இரும்புப் பைப்பிலும் நியூட்ரலை இன்னொன்றிலும் விட்டால் பைப்பே சூடாகும்.

டிபியில் நுழையும் இடம்

மொத்த வேலையில் அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். முதலில் நாக் அவுட் துளை, அதாவது தட்டி எடுக்கும்படி தகட்டில் பாதி வெட்டி வைத்த துளை. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் உள்ள நாக் அவுட்டில், பைப் அளவுக்கு நடு வளையத்தை மட்டும் தட்டி எடுத்துவிட்டு வெளி வளையங்களை விட்டுவிடுவோம். அந்த வெளி வளையம் டிபி தகடோடு இரண்டு மூன்று சின்னக் காதுகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செக் நட் எவ்வளவு இறுகினாலும் ஃபால்ட் கரண்ட் அந்தக் காதுகள் வழியாகத்தான் போக வேண்டும். 160 ஆம்பியரை அது தாங்கும் என்று நம்பக் கூடாது. இப்படிப்பட்ட துளைகளிலும், பெரிதாகிப்போய் வாஷர் வைத்துச் சமாளித்த துளைகளிலும் ஜம்பர் கட்டாயம்.

அடுத்தது பெயின்ட். டிபியின் வெளியிலும் உள்ளேயும் செக் நட் உட்காரும் வட்டத்தை மட்டும், நட்டைவிட ஒரு நூல் அகலமாக, சுரண்டுங்கள். பழைய ஹாக்ஸா பிளேடு துண்டு போதும். கிரைண்டர் வேண்டாம், அது தகட்டையே மெலிதாக்கிவிடும். வெள்ளை உலோகம் பளபளக்க வேண்டும். சாம்பல் தெரிந்தால் அது பிரைமர், இன்னும் சுரண்டுங்கள்.

பைப்பில் வெளிச் செக் நட்டை முதலிலேயே ஏற்றி, பைப்பை உள்ளே நுழைத்து, உள்ளிருந்து இரண்டாவது செக் நட். தகடு இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச். நட்டின் பல் உள்ள பக்கம் தகட்டைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டு இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். உள் நட்டை இறுக்கிய பிறகு பித்தளை புஷ்ஷை ஏற்றுங்கள். நட் இல்லாமல் புஷ் ஒன்றால் இறுக்குவது ஏமாற்று வேலை.

பிறகு ஜம்பர். பைப்பில் எர்த் கிளாம்ப், கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, அதிலிருந்து லக்கு அடித்த பச்சை-மஞ்சள் வயர் எர்த் பாருக்கு. துளை சுத்தமாக, வளையம் இல்லாமல் இருந்தால் இது தேவையா என்று கேட்பீர்கள். மெயின் லைன் வரும் பைப்புக்கு நான் எப்போதும் போடுகிறேன். கிளை பைப்புகளுக்குச் சந்தேகம் இருந்தால் போடுகிறேன். சந்தேகம் எனக்கு அடிக்கடி வரும்.

எர்த் பாரில் ஒரு துளைக்கு ஒரு வயர். இரண்டைச் சேர்த்து முறுக்கித் திணித்தால் ஒன்று இறுகும், மற்றது காலப்போக்கில் தளரும். எர்த் பாரிலிருந்து டிபி உடம்பின் ஸ்டட்டுக்குத் தனி வயர் இருக்கிறதா பாருங்கள். பல டிபியில் பார் பிளாஸ்டிக் கால்மேல் நிற்கும், உடம்போடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. கதவில் இண்டிகேட்டர் விளக்கோ மீட்டரோ இருந்தால் கீலை நம்பாமல் பின்னல் செம்புப் பட்டை போட்டுக் கதவையும் உடம்போடு சேர்த்துவிடுங்கள்.

பாக்ஸுக்குள்

வீடுகளில் பைப் பிவிசி, சுவருக்குள் புதைக்கும் சுவிட்ச் பாக்ஸ் மட்டும் இரும்பு. அந்த மாடுலர் பாக்ஸின் மூலையில் ஒரு எர்த் ஸ்க்ரூ இருக்கும். அல்சூரில் ஒரு பிளாட்டில் 40 பாக்ஸ் திறந்து பார்த்தேன், ஒன்றில்கூட அந்த ஸ்க்ரூவில் வயர் இல்லை. பிவிசி பைப் வழியாக அந்தப் பாக்ஸுக்கு வேறு எர்த் கிடைக்க வழியே கிடையாது. சுவிட்சை இறுக்கும் ஸ்க்ரூவில் வயர் நசுங்கினால், பிளேட்டின் ஸ்க்ரூ தலைவரை கரண்ட் வந்து நிற்கும்.

செய்முறை எளிது. வந்த எர்த் வயர், போகும் எர்த் வயர், சாக்கெட்டுக்கு ஒரு துண்டு, பாக்ஸ் ஸ்க்ரூவுக்கு ஒரு துண்டு, நான்கையும் ஒரு கனெக்டரில் சேருங்கள். சாக்கெட்டின் எர்த் பின்னிலேயே உள்ளே வந்து வெளியே போகும்படி லூப் அடித்தால், நாளை யாராவது சாக்கெட்டை மாற்றக் கழற்றும்போது அதற்கு அப்பால் உள்ள எல்லாப் பாக்ஸுக்கும் எர்த் அறுந்துவிடும். பாக்ஸ் ஸ்க்ரூவின் கீழும் பூச்சைச் சுரண்டி ஸ்டார் வாஷர் வையுங்கள். இரும்பு பைப் வரும் பாக்ஸ் என்றால் டிபியில் செய்த அதே இரண்டு செக் நட், புஷ் முறைதான்.

வளையும் பைப், நடுவில் வரும் இரும்புத் துண்டு

மோட்டாருக்குப் போகும் ஃபிளெக்ஸிபிள் பைப்பை எர்த் பாதையாக எண்ணவே கூடாது. லேத்து அதிர்ந்து அதிர்ந்து அதன் முனை கழன்றுவிடும். அதற்குள் எர்த் வயர் ஓடட்டும், அல்லது வெளியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஜம்பர் கட்டுங்கள்.

பிவிசி ஓட்டத்தின் நடுவில், சுவரைத் துளைக்கும் இடத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு முழம் இரும்பு பைப் போடுவார்கள். இரண்டு பக்கமும் பிவிசி என்பதால் அது யாருமற்ற தீவு. அதற்கும் ஒரு கிளாம்ப், ஒரு வயர்.

குழியிலிருந்து வரும் எர்த் லீடு

இது பல அனுபவசாலிகளுக்கே தெரியாத விஷயம். குழியிலிருந்து டிபிக்கு வரும் செம்பு லீடை அடிபடாமல் காக்க ஒரு ஜிஐ பைப்புக்குள் விடுகிறோம். நல்லதுதான். ஆனால் அந்தப் பைப்பை லீடோடு சேர்க்காமல் விட்டால் இரும்பு பைப் ஒரு சோக்கைப்போல வேலை செய்கிறது. பெரிய ஃபால்ட் கரண்ட் தனி வயரில் பாயும்போது சுற்றியுள்ள இரும்பு காந்தமாகி அந்தக் கரண்ட்டை எதிர்க்கிறது. பைப்பின் இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு லீடோடு பிணைத்துவிட்டால் கரண்ட்டின் பெரும்பகுதி பைப் வழியாகவே போய்விடும், தடை தீரும். ஒரு முனையில் மட்டும் போடுவதும் போடாததும் ஒன்றே. பிவிசி பைப்பில் விட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

நியூட்ரலை எர்த்தில் தட்டாதீர்கள்

"எர்த் சரியில்லை, நியூட்ரலை எர்த் பார்ல ஒரு லிங்க் கொடுத்துடு" என்று மேஸ்திரி சொல்வார். கிளை டிபியில் அப்படிச் செய்தால் சாதாரண லோடு கரண்ட்டே பைப்பில் ஓடத் தொடங்கும். மெயின் நியூட்ரல் எங்காவது அறுந்தால், நீங்கள் இவ்வளவு பாடுபட்டுப் பிணைத்த எல்லாப் பைப்பும் ஒரே நேரத்தில் 230 வோல்ட்டுக்கு ஏறும். ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்தால் முதலில் இந்த லிங்க்கைத் தேடுங்கள். எல்லா லோடும் ஓடும்போது கிளாம்ப் மீட்டரை எர்த் வயரைச் சுற்றிப் போடுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 2, 3 ஆம்பியர் காட்டினால் எங்கோ நியூட்ரல் கலந்திருக்கிறது.

அளந்து பார்ப்பது

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டு, "பாருங்க சார், பளிச்சுனு எரியுது, எர்த் சூப்பர்" என்பது பழைய வழக்கம். அந்தப் பல்பு இழுப்பது 0.43 ஆம்பியர். பாதையில் 5 ஓம் இருந்தாலும் இரண்டு வோல்ட்தான் குறையும், பல்பு அதே பளிச்சோடு எரியும். ஒரே ஒரு இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட அந்தப் பரீட்சையில் பாஸ் ஆகிவிடும்.

வேண்டியது குறைந்தது 200 மில்லி ஆம்பியர் விட்டு அளக்கும் லோ ஓம் கன்டினியூட்டி டெஸ்டர். முதலில் லீடுகள் இரண்டையும் சேர்த்து அவற்றின் ரெசிஸ்டன்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் அளவை வயர் இழுக்கும் முன்பே எடுங்கள்: டிபி உடம்பிலிருந்து கடைசி பாக்ஸ்வரை வெறும் பைப்பை மட்டும். எர்த் வயர் இழுத்த பிறகு அளந்தால் பைப்பின் மோசமான ஜாயின்ட்டை வயர் மறைத்துவிடும். ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஒவ்வொரு கப்ளரையும் கையால் அசைக்கட்டும். எண் துள்ளினால் அந்த ஜாயின்ட்டைத் திறக்க வேண்டும்.

வயர் இழுத்து முடித்ததும் எர்த் பாரிலிருந்து தூரத்துப் பாக்ஸ்வரை மறுபடி அளங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். 20 மீட்டருக்கு 0.15 ஓம் வர வேண்டும். பைப்பும் கூடச் சேர்ந்திருப்பதால் இன்னும் குறைவாகத்தான் காட்டும். 0.5 காட்டினால் எங்கோ ஒரு ஸ்க்ரூ உங்களை ஏமாற்றுகிறது. அடுத்து, எலெக்ட்ரானிக் சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (வயர் தோலின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்). 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. கரண்ட் கொடுத்த பிறகு ஆர்சிசிபி டெஸ்டரைத் தூரத்து சாக்கெட்டில் செருகி 30 மில்லி ஆம்பியரில் விழவையுங்கள். 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் அதன் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கிறது. உங்கள் எர்த்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எல்லாம் சரியாக வந்த பிறகு, சுரண்டிய இடங்களுக்கு வெளிப்பக்கம் ஜிங்க் ஸ்ப்ரேயோ எனாமலோ அடித்து, கிளாம்ப்களின் மேல் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள். பெயின்ட் அடிப்பது நட்டை இறுக்கிய பிறகு, இறுக்குவதற்கு முன் அல்ல. பீன்யா பட்டறையில் அந்த வேலை ஒரு நாள் பிடித்தது. பையன்தான் எல்லா நட்டுக்கும் கீழே சுரண்டினான். கடைசிப் பாக்ஸில் 0.09 ஓம் வந்ததும், மீட்டரை வாங்கி தானே இன்னொரு தடவை அளந்து பார்த்தான்.